உள்நோக்கிய அம்புகள்

ஓய்லியின் மண்டைக்குள் பதினான்கு கம்பிகள்.
கம்பிகளில் நூற்று அறுபத்தொரு தொடுமுனைகள்.
ஒவ்வொன்றும் நொடிக்கு ஆயிரம் முறை
தன்னிடத்துச் சேதியை என் கணினிக்குச் சொல்கிறது.

ஐந்தாம் இரவு. குவோபியோவில் பிப்ரவரி.
சன்னலுக்கு அப்பால் ஏரி இறுகிக் கிடக்கிறது;
அதன்மேல் யாரோ கார் ஓட்டிப் போகிறார்கள்.
மாத்திரையைக் குறைத்துவிட்டோம்.
தூங்கவும் விடவில்லை.
பதினோரு வருடமாய் வராதே வராதே என்று அவள் விரட்டியதை
வா வா என்று
ஒரு கட்டடமே கூடிக் கூப்பிடுகிறது.

பனி வழிக்கும் வண்டி ஓட்டியவள்.
உரிமத்தைப் பிடுங்கிய பிறகு
அதே கிடங்கில் மற்றவர்களுக்குச் சாவி எடுத்துக் கொடுக்கிறாள்.
"எந்தத் தெருவை முதலில் வழிக்கணும்னு எனக்குத் தெரியும்.
கேட்கத்தான் ஆளில்லை."

இன்றைக்கு வருமா என்றான் செவிலியன் தூரே.
"வரலாம். வராமலும் போகலாம்."
இந்தப் பக்கத்துப் பேச்சு அப்படி:
பதிலின் பாரத்தைக் கேட்டவனே சுமக்க வேண்டும்.

நான் அம்பு போடுகிறவன்.
ஒரு முனையின் பழசை வைத்து
இன்னொன்றின் புதுசை ஊகிக்க முடிந்தால்
அதிலிருந்து இதற்கு ஓர் அம்பு.
இரவெல்லாம் போட்டுப் பார்த்ததில்
இடப் பொட்டுக்கு உள்ளே, ஆழத்தில், ஓரிடம்:
அம்பெல்லாம் அதை நோக்கியே வருகின்றன.
அங்கிருந்து வெளியே ஒன்றும் இல்லை.
நல்ல காது, என்று குறிப்பெழுதினேன்.
ஊரே வந்து கதை சொல்லிப் போகிற வீடு.

மூன்று நாற்பத்திரண்டு.
அவள் பொத்தானை அமுக்கினாள்.
"லிஃப்ட்" என்றாள். அவள் வைத்திருக்கும் பெயர் அது;
அடிவயிற்றிலிருந்து ஏதோ மேலேறுமாம், எந்த மாடியிலும் நிற்காதாம்.
தூரே ஓடிப்போய்ச் சொன்னான்: "நீலப் படகு. இதை நினைவில் வைங்க. நீலப் படகு."
அவள் உதடுகள் எதையோ மென்றன.
வலக்கை போர்வையைப் பிசைந்தது.

திரையில் நூற்று அறுபத்தொரு கோடுகள்
அதுவரை ஆளுக்கொன்று முணுமுணுத்தவை
மெல்ல மெல்ல ஒரே சொல்லைச் சொல்லத் தொடங்கி
பிறகு கத்தின.
அத்தனை ஒற்றுமை.
அவளைத்தான் உள்ளே காணோம்.

தொண்ணூறு நொடி.
தூரே கைக்கடிகாரத்தைக் காட்டி, இது என்ன என்றான்.
பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள்.
"மணி... மணி இருக்கிற..."
படகு எதுவும் மிதக்கவில்லை.

விடிகாலையில் ரெக்கார்டிங்கைப் பின்னோக்கி ஓட்டினேன்.
வலிப்புக்கு அரை நிமிடம் முன்னால்
உள்நோக்கிய அம்புகள் ஒவ்வொன்றாய் மெலிகின்றன.
ஒன்று. பிறகு நான்கு. பிறகு அங்கே யாருமே இல்லை.
அதன் பின்தான் அது வாய் திறக்கிறது.
காது என்று எழுதியதை அடித்தேன்.
பதிலுக்கு என்ன எழுத என்று தெரியாமல்
காபி ஆறியது.

மறுநாள் படத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தாள்.
விரலால் ஓர் அம்பைத் தொட்டு நடுவரைக்கும் போனாள்,
அடுத்ததைத் தொட்டாள்.
"அப்போ இத்தனை பேரும் இதை அழுத்திப் பிடிச்சிட்டிருந்தாங்களா?"
அப்படித்தான் சந்தேகிக்கிறோம் என்றேன்.

கொஞ்ச நேரம் பேசவில்லை.
"பதினோரு வருஷமா நான் தனியா சௌனாவுக்குப் போனதில்லை.
ஆர்த்தோ வெளியே பெஞ்சில் இருப்பார்.
சும்மா செருப்பைத் தட்டுற மாதிரி தட்டுவார்,
நான் உள்ளேயிருந்து ஒரு தட்டு தட்டணும்.
தாழ்ப்பாளை எப்பவோ கழற்றியாச்சு.
நாலு ஆணி ஓட்டை மட்டும் கதவில் இருக்கு."

பிறகு கேட்டாள்:
"இதை வெட்டி எடுத்துட்டா
இந்தக் கையெல்லாம் என்ன செய்யும்?"

படிப்பில் இதற்குப் பதில் உண்டு, பாதி.
மீதியை யாரும் இன்னும் அளக்கவில்லை.
"வேறு வேலை பார்க்கலாம்" என்றேன்,
"பார்க்காமலும் போகலாம்."

சிரித்துவிட்டாள்.
கட்டுக்குள் வலித்திருக்க வேண்டும்,
பாதியில் நிறுத்தி, தலையை இரு கையாலும் பிடித்துக்கொண்டு
மீண்டும் சிரித்தாள்.